அந்த அலமாரியை அகற்றும் முன்: நூல் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டப் பொறுப்பாளர்களுக்கும் நூல் தேர்வுக் குழுவினருக்கும்,

வணக்கம்.

கடந்த மாதக் கூட்டத்தில் தாங்கள் எடுத்த முடிவை நூலக அறிவிப்புப் பலகையில் படித்தேன். துப்பறியும் கதைகளை இனி வாங்கப் பரிந்துரைப்பதில்லை என்றும், வடக்குச் சுவரோரம் இருக்கும் அலமாரியிலுள்ள பழைய துப்பறியும் நாவல்களைக் கழிவில் சேர்த்துவிட்டு அந்த இடத்தைப் போட்டித் தேர்வு நூல்களுக்கு ஒதுக்குவது என்றும் அதில் எழுதியிருந்தது. அக்கதைகள் வெறும் பொழுதுபோக்கு, நம் மரபில் வேர் இல்லாதவை, மொழியைக் கெடுப்பவை, இளைஞர்களுக்குக் குற்றத்தைக் கற்பிப்பவை என்று காரணங்களும் தரப்பட்டிருந்தன. அவற்றை நான் அலட்சியப்படுத்தவில்லை. அவற்றுள் ஒன்றில் ஓரளவு உண்மை இருப்பதாகவும் கருதுகிறேன். ஆயினும் தங்கள் முடிவு தவறானது என்பதே என் உறுதியான எண்ணம். அதை மறுபடி ஆராயுமாறு கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன்.

தனி மடலாக எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்த அலமாரியின் முன் வந்து நிற்பவர்களில் பெரும்பாலோர் கூட்டங்களுக்கு வருபவர்கள் அல்லர். மாலையில் பச்சைத் தேயிலையை எடை போட்டுவிட்டு, நூலகம் மூடும் முன் மூச்சிரைக்க ஓடி வந்து ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் இறங்கிப் போகிறவர்கள் அவர்கள். நான் கோத்தகிரி வட்டாரத்தில் 34 ஆண்டுகள் தபால்காரனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எஸ்டேட் லைன்களிலும், படகர் ஊர்களான ஹட்டிகளிலும் அவர்கள் வீட்டு வாசல்வரை நடந்தவன் என்ற உரிமையில் அவர்களுக்காகவும் பேசுகிறேன்.

பொழுதுபோக்கு என்ற காரணத்திலிருந்து தொடங்குகிறேன். வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளில், ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கர் ஒருவர் என்னை உட்காரவைத்து, தேநீரும் வர்க்கியும் கொடுத்து, தாம் ஆங்கிலத்தில் படித்த கதையொன்றைத் தமிழில் சொன்னார். ஜி. கே. செஸ்டர்டன் எழுதி 1911-இல் நூலாக வந்த தொகுப்பில் உள்ள கதை அது. அதில் துப்பறிபவர் பிரவுன் என்னும் கத்தோலிக்கப் பாதிரியார். குள்ளமான உருவம், உருண்டை முகம், கையில் ஒரு குடை. அடுக்குமாடிக் கட்டடமொன்றில் குடியிருப்பவருக்குக் கொலை மிரட்டல் வருகிறது. கட்டடத்துக்குள் யார் போனாலும் கவனித்துச் சொல்லும்படி காவலர் உட்பட நான்கு பேரிடம் சொல்லி வைக்கிறார்கள். சிறிது நேரத்தில் கொலை நடந்துவிடுகிறது. யாருமே உள்ளே போகவில்லை என்று நால்வரும் உறுதியாகச் சொல்கிறார்கள். ஆனால் வாசலில் விழுந்திருக்கும் பனியில் காலடித் தடம் இருக்கிறது. கதையின் முடிவை முன்கூட்டியே சொல்வது முறையன்று. என்றாலும் இங்கே அதைச் சொல்லாமல் என் கருத்தை விளக்க முடியாது. உள்ளே போய்வந்தவர் தபால்காரர். அந்த நால்வரும் பொய் சொல்லவில்லை. யாரும் வந்தார்களா என்று கேட்டபோது, தபால்காரரை ஓர் ஆளாக அவர்கள் மனம் எண்ணவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கதையில் குற்றம் செய்தவனே தபால் உடுப்பில் வந்தவன்தான். அதனால் என் தொழிலுக்கு இழுக்கு வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தினமும் இருபது வாசல்களில் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கடிதம் கொடுத்துவிட்டு, கொடுத்தவர் யாரென்று முகம் நிமிர்ந்து பார்க்காதவர்களிடமிருந்து திரும்பி நடந்துகொண்டிருந்த எனக்கு, பல பத்தாண்டுகளுக்கு முன் கடல் கடந்த நாட்டில் ஒருவர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய செய்தியாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. வேலைக்காரர், தோட்டி, பால்காரர், கொழுந்தெடுக்கும் பெண் என்று எல்லோர் கண்ணிலும் பட்டும் யார் கணக்கிலும் வராதவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி, இவர் எங்கே இருந்தார், என்ன பார்த்தார் என்று மரியாதையோடு கேட்பது இந்தக் கதைகளின் அடிப்படை வேலை. அந்தக் கேள்வி இல்லாமல் துப்பறியும் கதையே இல்லை. பொழுது போகிறது என்பது உண்மை. அதோடு இதுவும் நடக்கிறது.

நம் மரபில் வேர் இல்லாதது என்ற காரணம் எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. ஏனெனில் அதைச் சொன்ன அதே அறையில் சிலப்பதிகாரம் மூன்று பதிப்புகளில் இருக்கிறது. பொற்கொல்லன் ஒருவன் சொன்ன சொல்லை மட்டும் நம்பி, எதிர்த்தரப்பை அழைத்து ஒரு வார்த்தை கேட்காமல், கோவலனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவரச் சொல்கிறான் பாண்டியன். அவையில் வந்து நிற்கும் கண்ணகி அவனைக் கொடுங்கோலன் என்றோ கொலைகாரன் என்றோ விளிக்கவில்லை. "தேரா மன்னா" என்கிறாள். ஆராயாத மன்னனே என்பது அதன் பொருள். அடுத்து அவள் செய்வது சான்று காட்டுவது. அரசியின் சிலம்பில் இருப்பவை முத்துகள் என்று அரசன் வாயாலேயே வரவழைத்துவிட்டு, தன் சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைத் தெறிக்க வைக்கிறாள். பெயர்பெற்ற துப்பறிவாளர் எவரும் இதைவிடச் செம்மையாக ஒரு வழக்கை அவையில் நிறுவியதாக நான் படித்ததில்லை. நம் பெருங்காப்பியம் ஒன்று, விசாரிக்காமல் கொடுத்த தீர்ப்பால் ஒரு நகரமே எரிந்ததைச் சொல்கிறது. இந்த இலக்கியத்துக்கு இதைவிட ஆழமான வேரைத் தமிழில் தேட வேண்டியதில்லை.

காணாமற்போன ஒட்டகத்தைப் பார்க்காமலே, அதற்கு ஒரு கண் இல்லை, ஒரு கால் நொண்டி, வால் குட்டை என்று வழிப்போக்கர்கள் சொல்லும் கதை நம்மிடமும் உண்டு, அரபு, பாரசீக மொழிகளிலும் உண்டு. வழியின் ஒரு பக்கத்துப் புல் மட்டுமே மேயப்பட்டிருந்தது, ஒரு காலின் தடம் மட்டும் அழுந்தாமல் இருந்தது என்று அவர்கள் விளக்குவார்கள். சில ஆண்டுகளுக்கு முன், குறும்பர் சமூகத்தைச் சேர்ந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரோடு சோலையோரம் நடந்துகொண்டிருந்தேன். காட்டு மாட்டின் குளம்படியில் தேங்கியிருந்த நீரைப் பார்த்ததும் அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். நீர் இன்னும் கலங்கலாகவே இருக்கிறது, தெளியவில்லை; ஆகவே அது போய்ச் சில நிமிடங்களே ஆகியிருக்கும் என்றார். வளைவைத் தாண்டியபோது அது தேயிலைக்குள் நின்றுகொண்டிருந்தது. லண்டனில் பேக்கர் தெரு 221பி எண்ணுள்ள வீட்டில் ஆர்தர் கோனன் டாயில் குடியமர்த்திய ஷெர்லாக் ஹோம்ஸ் 1887-இல் செய்யத் தொடங்கியதும் இதே வேலைதான். டாயிலுக்கு முன்மாதிரியாக இருந்தவர் எடின்பரோ மருத்துவக் கல்லூரியில் அவருக்கு ஆசிரியராக இருந்த ஜோசப் பெல். நோயாளி வாய் திறக்குமுன்பே அவர் தொழிலையும் வந்த வழியையும் கண்டு சொல்லக்கூடியவர் அவர்.

அந்த ஹோம்ஸின் ஆசிரியர் வாழ்க்கையில் நடந்த ஒன்றைத் தாங்கள் அவசியம் அறிய வேண்டும். இங்கிலாந்தில் கிரேட் வைர்லி என்ற ஊரில், பம்பாயிலிருந்து போய்க் கிறித்தவப் போதகரான பார்சி ஒருவரின் மகன் ஜார்ஜ் எடால்ஜி. படித்து வழக்குரைஞர் ஆனவர். இரவில் வயலில் கால்நடைகளைக் கத்தியால் கிழித்ததாக 1903-இல் அவர் மீது குற்றம் சாட்டி, ஏழாண்டுக் கடுங்காவல் விதித்தார்கள். மூன்றாண்டுகளுக்குப் பின் வெளியே விட்டார்கள். பழி மட்டும் நீங்கவில்லை. டாயில் அவரைச் சந்திக்க ஒரு விடுதிக்குப் போனபோது, அவர் செய்தித்தாளை முகத்தருகே சாய்த்துப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். கண் மருத்துவம் பயின்றவர் என்பதால், இவ்வளவு பார்வைக் குறை உள்ளவர் காரிருளில் வயல்களைக் கடந்துபோய் அந்தச் செயலைச் செய்திருக்க முடியாது என்று அங்கேயே உணர்ந்தார். பிறகு அவர் இடைவிடாது எழுதினார். 1907-இல் எடால்ஜிக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்பட்டதற்கு இந்த வழக்கும் ஒரு காரணம். கதைக்காகப் பழகிய கண், நிறத்தால் வேறுபட்ட ஒருவரைப் பழியிலிருந்து மீட்டது.

ஆராயாத மேலதிகாரியின் கீழ் நானும் நின்றிருக்கிறேன். 1986-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், எஸ்டேட் லைனில் இருந்த மூதாட்டி ஒருவர், திருப்பூரில் வேலை செய்யும் தம் மகன் அனுப்பிய 150 ரூபாய் மணியார்டர் தமக்கு வரவே இல்லை என்று புகார் சொன்னார். படிவத்தில் கைநாட்டு இருந்தது, சாட்சிக் கையெழுத்தும் இருந்தது. எனக்கு மேலிருந்த ஒருவர் என்னை அழைத்து ஒரு கேள்விகூடக் கேட்காமல், பணத்தை நான் எடுத்துக்கொண்டதாக அறிக்கை அனுப்பினார். பதினெட்டு நாள் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டேன். ஊரில் என் மனைவி தண்ணீருக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். பிறகு விசாரணைக்கு வந்த வேறோர் அலுவலர் அலுவலகத்துக்குள் உட்காரவில்லை. லைன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, கொடுத்த சாயத் தண்ணீரைக் குடித்து, யார் வீட்டில் எத்தனை பேர், எந்தப் பிள்ளை எங்கே வேலைக்குப் போயிருக்கிறது என்று மூன்று நாள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் மாலையில், அடுத்த லைனில் அதே பெயரில், கணவர் பெயரும் அதுவேயாக, இன்னொரு பெண் இருப்பதும் அவர் மகனும் திருப்பூரில் இருப்பதும் தெரியவந்தன. அவர் தம் மகன் அனுப்பிய பணம் என்றே நம்பி வாங்கியிருந்தார். விசாரித்துக் கொடுக்காதது என் பிழை. அதற்குரிய தண்டனையை ஏற்றுக்கொண்டேன். திருடன் என்ற பெயரை அந்த அலுவலர் என் மேலிருந்து எடுத்துவிட்டார்.

ஜார்ஜ் சிமெனோன் படைத்த பாரிஸ் காவல் அதிகாரி மெக்ரேயைப் பற்றிப் பிற்காலத்தில் படித்தபோது அந்த அலுவலரின் முகம்தான் நினைவுக்கு வந்தது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் பிறந்த சிமெனோன், மெக்ரேயை வைத்து 75 நாவல்களும் 28 சிறுகதைகளும் எழுதினார். மெக்ரே பூதக்கண்ணாடியோடு தரையில் தவழ்வதில்லை. இறந்தவர் வாழ்ந்த தெருவில் போய் உட்கார்ந்து, அங்குள்ளவர்கள் குடிப்பதைக் குடித்து, அவர்கள் காற்றையே சுவாசித்து, அந்த வாழ்க்கைக்குள் மெல்ல நுழைந்துவிடுவார். குற்றவாளியைக் கண்டுபிடித்த பிறகும் அவர் மனத்தில் மிஞ்சுவது பெரும்பாலும் இரக்கம். எனக்கு எல்லாத் துப்பறிவாளர்களிலும் அவரையே அதிகம் பிடிக்கும்.

நம் நூலகத்துக்கு வரும் பெரியவர் ஒருவருக்கு அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் ஏர்க்யூல் பொய்ரோவைப் பிடிக்கும். ஏன் என்று கேட்டேன். "இவரும் நம்மைப் போலக் கப்பலேறி வந்த ஆள்தானே" என்றார். அவர் சிறுவனாகத் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர். 1964-இல் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எழுதியபோது, அந்த எண்ணுக்குள் அவர் குடும்பமும் இருந்தது. பாட்டன் காலத்திலிருந்து தேயிலையில் உழைத்த மண்ணை விட்டுவிட்டு இந்த மலையில் மறுபடி தேயிலைக்கே வந்து, இன்றுவரை சிலோன்காரர் என்று அழைக்கப்படுகிறவர். அகதா கிறிஸ்டி 1920-இல் வெளியான தம் முதல் நாவலில் பொய்ரோவை முதல் உலகப் போரால் இங்கிலாந்துக்கு வந்த பெல்ஜிய அகதியாகத்தான் அறிமுகப்படுத்துகிறார். கிறிஸ்டியின் சொந்த ஊரான டார்க்கியில் அப்படி வந்து தங்கியவர்களைப் பார்த்தே அந்த எண்ணம் தோன்றியது. எல்லோரும் பொய்ரோவைப் பிரெஞ்சுக்காரர் என்று தவறாகச் சொல்வார்கள், அவர் ஒவ்வொரு முறையும் திருத்துவார். மீசையையும் உச்சரிப்பையும் பார்த்து இளப்பமாக எண்ணி, அவர் முன்னால் கவனமின்றிப் பேசிவிடுவார்கள். வந்தேறி என்று ஒதுக்கப்படுகிறவர் காதில் விழும் உண்மைகள் உள்ளூர்க்காரர் காதில் விழுவதில்லை. அந்தப் பெரியவர் இதை எனக்குச் சொல்லித்தந்தார், நான் அவருக்குச் சொல்லவில்லை. 1975-இல் கிறிஸ்டி பொய்ரோவின் கடைசிக் கதையை வெளியிடவிருந்தபோது, நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அந்தக் கற்பனை மனிதருக்கு முதல் பக்கத்தில் இரங்கல் செய்தி வெளியிட்டது.

வங்காளத்துக்காரர்கள் இதில் நமக்கு முன்னே போயிருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சரதிந்து பந்தோபாத்யாய் 1932-இல் படைத்த ப்யோம்கேஷ் பக்‌ஷி தம்மைத் துப்பறிவாளர் என்று சொல்லிக்கொள்ள விரும்பாதவர். உண்மையைத் தேடுபவன் என்று பொருள்படும் சத்யான்வேஷி என்ற சொல்லைத் தமக்கென எடுத்துக்கொண்டார். வேட்டி கட்டி, கல்கத்தாவில் குடித்தனம் நடத்தி, மனைவியோடு வாக்குவாதமும் செய்து வாழும் மனிதர். திரைப்பட மேதையான சத்யஜித் ராய், 1965-இல் சிறுவர் இதழான சந்தேஷில் ஃபெலுதா என்ற துப்பறிவாளரை உருவாக்கினார். ஃபெலுதாவின் முதல் கதை எங்கே நடக்கிறது தெரியுமா? டார்ஜிலிங்கில், நம் ஊரைப் போலவே மஞ்சு இறங்கும், தேயிலை விளையும் ஒரு மலை நகரத்தில். என் பேரனுக்கு அந்தக் கதையைச் சொன்னபோது, அவன் மறுநாள் பள்ளி விட்டு வரும் வழியில் எந்தக் கடையின் பலகை மாறியிருக்கிறது, எந்த வீட்டுப் புகைபோக்கியில் புகை இல்லை என்று எண்ணிக்கொண்டு வந்து என்னிடம் ஒப்பித்தான். நான்காம் வளைவில் இருக்கும் வீட்டில் இரண்டு நாளாகப் புகை இல்லை என்று அவன் சொன்னதால் போய்ப் பார்த்தோம். தனியாக இருந்த பாட்டிக்குக் காய்ச்சல்.

தொலைவில் ஜப்பானில் ஒருவர், அமெரிக்கரான எட்கர் ஆலன் போவின் மேல் கொண்ட பற்றால், அந்தப் பெயரின் ஒலியையே ஜப்பானியப் பெயராக்கி எடோகவா ராம்போ என்று வைத்துக்கொண்டு, 1920-களில் அகேச்சி கொகோரோ என்னும் துப்பறிவாளரைப் படைத்தார். அந்தப் போ, 1841-இல் பாரிஸைக் களமாக வைத்து, துப்பேன் என்பவரைக் கொண்டு இந்த வகையையே தொடங்கி வைத்தவர். சீனத்தில் ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த டீ ரென்ஜியே என்ற உண்மையான நடுவரைச் சுற்றி வளர்ந்த கதைகளை, ராபர்ட் வான் குலிக் என்ற டச்சுத் தூதர் இருபதாம் நூற்றாண்டில் உலகுக்கு எடுத்துச் சென்றார். மரியாதை ராமனைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த நடுவர் அந்நியராகவே தோன்றமாட்டார்.

மொழியைக் கெடுக்கிறது என்பதற்கு வருகிறேன். தாங்கள் கழிவில் சேர்க்க எண்ணும் அலமாரியில் தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகள் இருக்கின்றன. ஆங்கிலக் கலப்பில்லாமல் எழுத வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர் அவர். சங்கர்லால் சிந்திக்க உட்கார்ந்தால் தேநீர் குடிப்பார் என்பதற்காகவே எங்கள் எஸ்டேட்டுகளில் அவரைச் சொந்தக்காரர் போல நினைத்தவர்கள் உண்டு. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார், தேவன் 1942-இல் ஆனந்த விகடனில் உலவவிட்ட சாம்பு, சுஜாதாவின் தம்புச் செட்டித் தெரு வழக்குரைஞர்கள் கணேஷ், வசந்த் என்று, தமிழ் உரைநடை வெவ்வேறு காலத்தில் எப்படிப் பேசியது என்பதைக் காட்டும் வரிசை அது. அவற்றைத் தூக்கிப்போட்டால் போவது மொழி வரலாற்றின் ஒரு பகுதி. சிசிலித் தீவைச் சேர்ந்த ஆந்திரேயா கமில்லேரி 1994-இல் தொடங்கிய, மோந்தல்பானோ என்ற காவல் அதிகாரியின் கதைகளில், ஏட்டு இத்தாலியத்தோடு தம் தீவின் பேச்சுமொழியையும் கலந்தே எழுதினார். அப்படி எழுதியும் இத்தாலி முழுவதும் அவரைப் படித்தது. கதையில் வரும் ஊருக்கு முன்மாதிரியான அவருடைய சொந்த ஊர், அந்தக் கற்பனைப் பெயரைத் தன் பெயரோடு சில காலம் சேர்த்துக்கொண்டது. லைன் வீட்டுத் தமிழும் கொங்குத் தமிழும் படகரின் மொழியும் ஒரே சந்தையில் ஒலிக்கும் இந்த மலையில், சாட்சி சொல்பவர் அவரவர் பேச்சில் பேசும் கதை மொழியைக் கெடுக்கும் என்று நான் நினைக்கவில்லை.

குற்றத்தைக் கற்பிக்கும் என்ற அச்சத்தில் ஓரளவு உண்மை உண்டு என்று தொடக்கத்தில் குறித்தேன். ஆஸ்திரேலியாவில் ஆர்தர் அப்ஃபீல்டு என்பவர் தம் நாவலுக்காக, கொலையுண்டவரின் உடலைத் தடயமின்றி அழிக்கும் முறையொன்றை நண்பர்களோடு பேசி யோசித்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்டிருந்த ஒருவன் அதையே உண்மையில் செய்து, பிடிபட்டு, 1932-இல் தூக்கிலிடப்பட்டான். இதை மறைப்பது நேர்மையன்று. ஆனால் அவன் பிடிபட்டதும் ஆராய்ந்தவர்களால்தான். வேறொரு குறையும் உண்டு. அதைத் தாங்கள் குறிப்பிடவில்லை. எனக்கு அது இன்னும் பெரிதாகப் படுகிறது. டாயில் 1890-இல் எழுதிய ஹோம்ஸ் நாவல் ஒன்றில் அந்தமான் தீவுப் பழங்குடி ஒருவரை விலங்கைப் போலச் சித்திரித்திருக்கிறார். தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் அயலாராக வாழும் ஊரில் அந்தப் பக்கங்களை ஒரு பிள்ளை எந்த விளக்கமும் இல்லாமல் படிக்கக்கூடாது. எடால்ஜிக்காகப் போராடிய அதே கை அதையும் எழுதியது. இதற்கு மருந்து நூலை அகற்றுவதன்று. அதனருகே டோனி ஹில்லர்மன் என்ற எழுத்தாளரின் நூல்களையும் வைப்பது. அமெரிக்காவின் நவஹோ பழங்குடியைச் சேர்ந்த லீப்ஹார்ன், சீ என்ற இரு காவல் அதிகாரிகளை அவர் 1970 முதல் படைத்தார். அவர்கள் தடம் பார்க்கும் அறிவும் சடங்கும் உறவுமுறையும் வழக்கைத் தீர்க்கும் அறிவாகவே அங்கே வருகின்றன. அந்த மக்களே ஹில்லர்மனைத் தங்கள் சிறப்பு நண்பர் என்று பெருமைப்படுத்தினார்கள். குளம்படி நீரைப் பார்த்து என்னைக் காப்பாற்றிய அந்தக் காவலரின் மகள் நம் நூலகத்தில் உறுப்பினர். அவள் கையில் அந்த நூல் தமிழில் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

பெண் வாசகர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கிராமத்தை விட்டு அதிகம் வெளியே போகாத, பின்னல் வேலையும் தோட்டமுமாக இருக்கும் மிஸ் மார்ப்பிள் என்ற, அகதா கிறிஸ்டி படைத்த முதிய பெண்மணி, தம் ஊர் மனிதர்களின் குணங்களைக் கொண்டே எந்தக் கொலையையும் புரிந்துகொள்வார். போட்ஸ்வானாவில் தந்தை விட்டுச்சென்ற மாடுகளை விற்றுத் துப்பறியும் நிறுவனம் தொடங்கும் ரமோட்ஸ்வே என்ற பெண்ணை அலெக்ஸாண்டர் மெக்கால் ஸ்மித் 1998-இல் படைத்தார். கோப்பை கோப்பையாக அவர் குடிக்கும் சிவப்புத் தேநீர், நம் தேயிலைச் செடியிலிருந்து வருவது அன்று, ஆப்பிரிக்கப் புதர் ஒன்றிலிருந்து வருவது என்று கொழுந்தெடுக்கும் பெண்கள் மூவரிடம் ஒருநாள் சொன்னேன். தேநீரைப் பற்றி அவர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மாடுகளை விற்றபின் அந்தப் பெண் பிழைத்தாளா என்று மட்டும் கேட்டார்கள். நூல் நம் நூலகத்தில் இல்லாததால் என் வாயாலேயே மீதியையும் சொல்ல வேண்டியிருந்தது.

இனி என் வேண்டுகோள். கிழிந்து படிக்க இயலாமற்போன பிரதிகளைத் தவிர வேறு எதையும் கழிவில் சேர்க்க வேண்டாம். போட்டித் தேர்வு நூல்கள் கட்டாயம் வேண்டும். அவற்றுக்கு நாளிதழ் மேசைக்குப் பின்னாலுள்ள, பழைய பதிவேடுகள் மட்டும் அடுக்கியிருக்கும் அலமாரியை ஒழித்துக் கொடுக்கலாம். அந்தப் பதிவேடுகளைக் கட்டி அடுக்க நான் வருகிறேன். ஹோம்ஸ், பொய்ரோ, ப்யோம்கேஷ், ஃபெலுதா தொடங்கித் தமிழில் வந்திருக்கும் பிறநாட்டு, பிறமொழித் துப்பறியும் நூல்களை அடுத்த கொள்முதல் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரையுங்கள். தமிழில் இல்லாதவற்றை மொழிபெயர்க்கும்படி வாசகர் வட்டத்தின் பெயரில் பதிப்பாளர்களுக்கு எழுதுங்கள். களத்தையும் பெயர்களையும் நம் ஊருக்கு மாற்றாமல், அந்தந்த நாட்டின் தெருவோடும் உணவோடும் மழையோடும் தரும்படி கேளுங்கள். 1948-இல் சென்னை மாகாணம் விடுதலை பெற்ற இந்தியாவில் முன்னோடியாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியதன் வழியாக, வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் கட்டிவருகிறோம். அந்தச் சட்டத்துக்குப் பின்னே இருந்த சீர்காழிக்காரரான நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் எழுதிவைத்த நூலக விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பதும் ஒன்று.

என்னிடம் உள்ள 43 துப்பறியும் நூல்களை, எந்த முடிவு எடுக்கப்பட்டாலும், நூலகத்துக்கே கொடுத்துவிடுகிறேன். தாங்கள் இசைந்தால், அடுத்த மாதத்திலிருந்து இரண்டாம் சனிக்கிழமை மாலைகளில், தேயிலை எடை முடிந்து வருபவர்களுக்கு வசதியான நேரத்தில், ஒரு மணி நேரம் இந்தக் கதைகளில் ஒன்றை வாசித்துக் காட்டவும் ஆயத்தமாக இருக்கிறேன். முதல் மாலையில் அந்தத் தபால்காரர் கதையை எடுத்துக்கொள்ள எண்ணியிருக்கிறேன். குழுவில் உள்ள அனைவரும் அன்று வந்து கேட்டுவிட்டு, அதன் பிறகு அலமாரியைப் பற்றி முடிவெடுக்குமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி.